பிஞ்சு கிள்ளிய பங்குனி

மாங்காட்டில் என் கணவர் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் நிலம் மிச்சம் இருக்கிறது. மூன்று பக்கமும் அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழும்பிவிட்டன. நான்காவது பக்கம் எங்கள் வீடு. நடுவில் எலுமிச்சை மரங்கள். தோட்டத்துக்குப் போக வேண்டுமானாலும் வர வேண்டுமானாலும் எங்கள் சமையலறை வழிதான். மேலே மாடி மாடியாக ஏசி தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கும். யாராவது பால்கனியில் நின்று ஆபீஸ் போன் பேசிக்கொண்டிருப்பார்கள். துணி காயப்போடும்போது நானும் நின்று கேட்பேன். எனக்கும் ஒரு காலத்தில் ஆபீஸ் இருந்தது.

நான் தென்காசிப் பக்கம் பிறந்தவள். வேளாண்மை படித்தேன். மேல்படிப்பில் என் ஆய்வே எலுமிச்சைதான். ஒரு மரம் அளவுக்கு மீறிக் காய்த்தால், அது வேரிலும் பட்டையிலும் இலையிலும் சேர்த்துவைத்திருக்கும் சத்துக்கு என்ன ஆகிறது என்று பார்ப்பது. இலையைப் பறித்து, காயவைத்து, பொடித்து, எரித்து, அதில் பொட்டாசியம் எவ்வளவு, மக்னீசியம் எவ்வளவு என்று அளப்போம். வேரைச் சீவி மாவுச்சத்து பார்ப்போம். பெண் பார்க்க வந்த அன்று இதைக் கேட்டதும் என் மாமியார் முகம் மலர்ந்துவிட்டது. "நம்ம ஊட்லயும் எலுமிச்ச கீதும்மா. உனுக்குத் தோதா கீது பாரு" என்றார்.

கல்யாணத்துக்குப் பிறகு பூந்தமல்லியில் மண்ணும் இலையும் சோதிக்கிற ஒரு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தேன். இரட்டைக் குழந்தைகள் பிறந்ததும் நின்றுவிட்டேன். பிள்ளைகள் தவழட்டும், அப்புறம் போகலாம் என்றார்கள். தவழ்ந்தார்கள். பால் மறக்கட்டும் என்றார்கள். மறந்தார்கள். மாமியாருக்கு மூட்டு வலி சரியாகட்டும் என்றார்கள். யாரும் என்னைப் போகக் கூடாது என்று சொன்னதில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். என் கணவருக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில், மண்ணூர்பேட்டைப் பக்கம், ஷிப்ட் வேலை. பகல் ஷிப்டு என்றால் இருட்டோடு கிளம்புவார், ராத்திரி ஷிப்டு என்றால் பகலெல்லாம் தூங்குவார். எதைக் கேட்டாலும், "அம்மாவாண்ட நீயே பேசேன்" என்பார்.

ஒரு நாள் முறுக்கு கடிக்கும்போது என் கடைவாய்ப் பல் பாதி உடைந்து கையில் வந்தது. பல் டாக்டர், "ரெண்டு பேருக்குப் பால் குடுத்தீங்க சரி, நீங்க ஒழுங்கா சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். சாப்பிட்டேனா என்று எனக்கே ஞாபகம் வரவில்லை. நான் சொல்ல வந்தது அதற்கடுத்த வருஷத்துக் கதை.

அந்தக் கார்த்திகையில் மழை கொட்டித் தீர்த்தது. சுற்றியிருந்த குடியிருப்புகளெல்லாம் மேடு தூக்கிக் கட்டியிருந்ததால் அவர்கள் தண்ணீரும் எங்கள் தோட்டத்துக்கே இறங்கியது. மரங்கள் முழங்கால் தண்ணீரில் நின்றன. வடிந்த பிறகு மண்ணைக் கிளறிப் பார்த்தேன். மெல்லிய வேர்களெல்லாம் பழுப்பாகி, கையில் எடுத்தால் தோல் மட்டும் உருவிக்கொண்டு வந்தது. புளித்த வாடை அடித்தது.

ஆனால் தை பிறந்ததும் மரங்கள் பூத்தன. அப்படி ஒரு பூப்பை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. இலை தெரியவில்லை. சமையலறை ஜன்னலைத் திறந்தால் குழம்பு வாசனையை அமுக்கிக்கொண்டு பூ வாசனை உள்ளே வரும். மாடிக் குடியிருப்புக்காரர்கள் பால்கனியில் நின்று போட்டோ எடுத்தார்கள். அதே வாரம் ஆவடியிலிருந்து நாத்தனார் போன் செய்தாள். கல்யாணமாகிப் பல வருஷம் குழந்தையில்லாமல் இருந்தவள். நாள் தள்ளியிருக்கிறது, டாக்டர் உறுதி செய்துவிட்டார் என்றாள். மாமியார் போனைக் கையில் பிடித்துக்கொண்டே கூடத்தில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து நேராகத் தோட்டத்துக்குப் போய்ப் பூத்த மரங்களுக்கு நடுவில் நின்று கோயில் திசை பார்த்துக் கும்பிட்டார். ஆடி மாதம் முழுக்க, வெள்ளி தவறாமல், நம் வீட்டு எலுமிச்சையிலேயே அம்மனுக்கு மாலை சாத்துவதாக வேண்டிக்கொண்டார்.

மாசியில் நாத்தனார் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். கர்ப்பப்பையில் நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது, மாடி ஏறக் கூடாது, கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் இருந்தது மூன்றாவது மாடி, லிப்ட் இல்லை. முன்னறையில் அவளுக்குக் கட்டில் போட்டோம். அவளுக்குத் தனிச் சமையல், உப்பு குறைவாக. பிள்ளைகள் ஓடிப்போய் அவள்மேல் விழாமல் பார்த்துக்கொள்வதும் என் வேலை.

அந்தச் சமயத்தில்தான் பழைய ஆய்வுக்கூடத்திலிருந்து கூட வேலை பார்த்தவள் கூப்பிட்டாள். என் பழைய இடம் காலியாகிறதாம். "சித்திரைக்குள்ள சொல்லிருடி. நீ வர்றதா இருந்தா வேற ஆள் பாக்க மாட்டாங்க" என்றாள். அன்று சாப்பிடும்போது பேச்சை எடுத்தேன்.

மாமியார் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "போவலாம்மே. யாரு வேணான்னாங்க? இவ பெத்துப் பொழச்சி எழட்டும்."

கணவர் ரசத்தை இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டார்.

பூ உதிர்ந்து பிஞ்சு பிடித்தது. எலுமிச்சையில் பூத்ததில் பெரும்பகுதி தானாகவே கொட்டிவிடும். இந்த முறையும் கொட்டியது, ஆனாலும் போதாது. பங்குனி நடுவில் கோலிக்குண்டு அளவில் காய்கள் கொத்துக் கொத்தாக நின்றன. கிளைகள் இப்போதே தழைய ஆரம்பித்திருந்தன. நான் பார்த்தது காயை இல்லை, பக்கத்திலிருந்த இலைகளை. முதிர்ந்த இலைகள் ஓரம் மஞ்சளாகி, காம்புப் பக்கம் மட்டும் கவிழ்த்துப் போட்ட ஆங்கில 'வி' எழுத்து மாதிரி பச்சை மிஞ்சியிருந்தது. காய்க்குள் விதை உருவாகும்போது மக்னீசியம் தேவைப்படும். மண்ணிலிருந்து எடுத்துக்கொடுக்க வேர் இல்லை. அதனால் பக்கத்து இலையிலிருந்து உருவி மரம் காய்க்குக் கொடுக்கிறது. பொட்டாசியமும் அப்படித்தான். இலை தீர்ந்தால் பட்டை, பட்டை தீர்ந்தால் வேர். புது வேர் விடுவதற்கு வைத்திருக்கும் மாவுச்சத்தும் காய்க்கே போய்விடும். வெள்ளத்தில் அடிபட்ட மரம் பயத்தில் பூத்த பூ அது. எங்கள் வீட்டில் எல்லோரும் அதை அம்மன் கொடுத்தது என்றார்கள்.

மாமியாரிடம் போய்ச் சொன்னேன். "அத்தை, இவ்வளவு காயும் நின்னா மரம் தாங்காது. பாதிப் பிஞ்சக் கிள்ளிட்டா நிக்கிறது நல்லா பெருக்கும். மரமும் பிழைக்கும்."

அவர் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். "தாங்காதுன்னா அது ஏம்மே காய்க்குது? அதுக்குத் தெரியாதா, தன்னால எவ்ளோ முடியும்னு?"

"தெரியாது அத்தை."

முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "எம் புருசன் போய்ச் சேந்தப்ப இவன் இஸ்கோலு, அவ இடுப்புல. எலுமிச்சக் கூடைய தலைல வச்சிகினு கோயில் தெருவுக்கு நடப்பேன். நான் தாங்கல? மரம் தாங்காதா?" பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, முன்னறையைக் கண்ணால் காட்டினார். "ஊட்ல புள்ளத்தாச்சிய வச்சிகினு பிஞ்சக் கிள்றேன்றியே. வாயால கூட அத்த சொல்லாத."

அதற்குமேல் நான் என்ன பேச? என்னிடம் இருந்தது இலையின் மஞ்சள். அவரிடம் இருந்தது மகளின் வயிறு. ராத்திரி ஷிப்டு முடித்து வந்து தூங்கி எழுந்த கணவரிடம் சொன்னேன். "இதுக்கெல்லாமா சண்ட? காஞ்சா காயட்டும் வுடு" என்றார். எனக்கு அந்த மரங்கள்மேல் அப்படி என்ன பாசம் என்று நானே யோசித்துப் பார்த்தேன். பாசம் இல்லை. என்னால் சரியாகச் சொல்ல முடிகிற ஒரே விஷயத்தையும் அந்த வீட்டில் காதில் போட்டுக்கொள்ள ஆளில்லை என்பதுதான் உறுத்தியது.

ஒரு மதியம் மாமியார் கோயிலுக்குப் போயிருந்தார். பிள்ளைகள் தூங்கினார்கள். மரங்களின் அடியில் மண்ணைத் தோண்டி, காய் தொங்கும் மரத்தில் விரல் தடிப்பில் ஒரு வேர்த்துண்டு வெட்டினேன். மூலையில் ஒரு மரம் மட்டும் அந்த வருஷம் பூக்கவே இல்லை. அதிலும் ஒன்று வெட்டினேன். ஆய்வுக்கூடமா இருக்கிறது? பிள்ளைகள் விழுந்து அடிபட்டால் போடும் அயோடின் மருந்துதான் வீட்டில் இருந்தது. சமையலறைக் கத்தியால் வேர்களை மெல்லிசாகச் சீவி, ஒரு எவர்சில்வர் தட்டில் வைத்து, மருந்தில் தண்ணீர் கலந்து சொட்டு விட்டேன்.

"இன்னா அண்ணி பண்ணிகினு கீறீங்க?"

நாத்தனார் சமையலறை வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கட்டிலைவிட்டு எழக் கூடாதவள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரவைத்தேன். தட்டைக் காட்டினேன். பூக்காத மரத்தின் வேர் கருநீலமாக மாறியிருந்தது. காய்த்த மரத்தின் வேர் மருந்தின் பழுப்பு நிறத்திலேயே இருந்தது.

"நீலம் ஆனா மாவு இருக்குன்னு அர்த்தம். மரத்தோட சேமிப்பு. இதுல ஒண்ணும் இல்ல பாரு. எல்லாத்தையும் காய்க்குக் குடுத்துருச்சு. இன்னும் மூணு நாலு மாசம் குடுக்கணும்."

அவள் தட்டைக் கையில் வாங்கிப் பார்த்தாள். "எனக்கும் போன வாரம் ரத்தம் எடுத்துப் பாத்துட்டு இதான் சொன்னாங்க. உங்க ஒடம்புல ஒண்ணியும் இல்ல, கொழந்த எல்லாத்தியும் எடுத்துக்கிச்சின்னு" என்று சொல்லிச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "கிள்ளாம வுட்டா செத்துடுமா?"

"எல்லாம் சாகாது. சிலது சாகலாம். மிச்சத்துக்குத் தேற நாளாகும்."

"அப்ப கிள்ளுங்க."

"அத்தை வேண்டாங்கறாங்க. நீ வயித்துல வச்சிருக்கும்போது பிஞ்சத் தொடக் கூடாதாம்."

அவள் முகம் சிவந்துவிட்டது. "எல்லாத்துக்கும் எம் பேருதானா? எம் பேரச் சொல்லி டிவி சவுண்டு வைக்கக் கூடாது. எம் பேரச் சொல்லி நீங்க வேலைக்குப் போவக் கூடாது. நான் கேட்டனா? எனக்கு இந்தக் கட்டில்ல படுத்துகினு மேல ஃபேன பாத்துகினே கீறது பைத்தியம் புடிக்கிற மாரி கீது அண்ணி. ஜன்னலத் தொறந்தா செவுரு. ஊர்ல கீறவங்கல்லாம் வந்து, ஜாக்ரத ஜாக்ரதன்னு சொல்லிட்டுப் போறாங்க. நான் இன்னா கண்ணாடிப் பாத்திரமா?"

அந்த வீட்டில் நான் மட்டும்தான் மூச்சு முட்டிக் கிடக்கிறேன் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். அவளைச் செல்லமாகப் படுக்கவைத்து எல்லோரும் தாங்குகிறார்கள் என்று உள்ளுக்குள் ஒரு பொறாமைகூட இருந்தது.

மறுநாள் மதியம் அவளே கூப்பிட்டாள். நாற்காலியைத் தோட்டத்தில் போடச் சொன்னாள். நான் மறுத்தேன். "ஒக்காந்துகினு கைய நீட்டுறதுல ஒண்ணும் ஆவாது. டாக்டரே உக்காரலாம்னு சொல்லிகீறாரு" என்றாள். அவள் உட்கார்ந்து எட்டிய கிளைகளில் கிள்ளினாள். நான் ஸ்டூலில் ஏறி மேலே கிள்ளினேன். கொத்தில் ஒன்றை விட்டு மற்றதை எடுக்கச் சொல்லிக்கொடுத்தேன். பச்சை வாசனை விரலில் ஏறியது. முள் கீறி அவள் மணிக்கட்டில் ரத்தம் கோடு போட்டது. அதைப் புடவையில் துடைத்துக்கொண்டு மறுபடி கிள்ளினாள். பல மாதங்களுக்குப் பிறகு இரண்டு பேரும் வாய்விட்டுப் பேசிக்கொண்டே இருந்தோம். மூன்று மரங்கள் முடிந்தன.

மாமியார் எப்போது வந்தார் என்று தெரியவில்லை. சமையலறைப் படியில் பிரசாதப் பையோடு நின்றிருந்தார். தரையெல்லாம் பிஞ்சு. மகள் மடியிலும் பிஞ்சு.

"அம்மா, நான்தான்..." என்று அவள் ஆரம்பித்தாள்.

"நீ எய்ந்து உள்ள போ" என்றார். அவளை ஒரு சொல் திட்டவில்லை. கையைப் பிடித்து உள்ளே கொண்டுபோய்ப் படுக்கவைத்துவிட்டுத் திரும்பி வந்தார். குனிந்து, மூட்டு வலியோடு, கிடந்த பிஞ்சுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி முந்தானையில் போட்டுக்கொண்டார். நானும் குனிந்தேன். "தொடாத" என்றார். எல்லாவற்றையும் பொறுக்கி முடித்த பிறகுதான் நிமிர்ந்தார்.

"அவளுக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆச்சி, உன்ன நான் ஜென்மத்துக்கும் மன்னிக்க மாட்டேன். சொல்லிட்டேன்."

எனக்கு வந்த பயத்தை இப்போது எழுதும்போதும் தொட முடிகிறது. பிஞ்சு கிள்ளியதால் வயிற்றுப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தெரியும். ஆனால் நஞ்சுக்கொடி கீழே இறங்கிய கர்ப்பத்தில் எது வேண்டுமானாலும் ஆகலாம் என்றும் தெரியும். தானாக ஆனாலும் அது என் கையால் ஆனதாகிவிடும். அந்த வீட்டில் நான் சாகும்வரை அதைச் சுமக்க வேண்டியிருக்கும்.

அதிலிருந்து அவளுடைய ஒவ்வொரு அசைவையும் கவனிக்க ஆரம்பித்தேன். அவள் பாத்ரூம் போனால் கதவருகே நின்றேன். இருமினால் ஓடினேன். பீர்க்கங்காய் தோலைக்கூட வீணாக்காமல் துவையல் அரைத்துக் கொடுத்தேன். முருங்கைக்கீரை, பேரீச்சை, வேளாவேளைக்கு மாத்திரை. "அண்ணி, அம்மாவ வுட மோசமாயிட்டீங்க" என்றாள். உண்மைதான். அவளைப் பூட்டிவைத்த பூட்டுகளில் நானும் ஒன்றாகிவிட்டேன். சித்திரையில் ஆய்வுக்கூடத்துக்காரி மறுபடி கூப்பிட்டபோது, நானே வாயைத் திறந்து, "இப்போ முடியாதுடி" என்றேன். இந்த முறை யாரும் என்னைத் தடுக்கவில்லை. போனை வைத்துவிட்டுக் குழந்தைகளுக்குச் சோறு பிசைந்தேன்.

மாமியார் வேலைக்குத் தேவையானதை மட்டும் என்னிடம் பேசினார். உப்பு தீர்ந்துவிட்டது, பால்காரர் வந்தார், அவ்வளவுதான். கணவர் இரண்டு பேருக்கும் நடுவில் தலையைக் குனிந்துகொண்டு நடமாடினார்.

ஆடி வந்தது. கிள்ளாத மரங்களில் கிளைகளுக்கு மூங்கில் முட்டுக் கொடுத்தும் இரண்டு கிளை முறிந்தன. காய் ஏராளம், ஆனால் சிறுசு. தோல் மெல்லிசு, சாறு குறைவு. கிள்ளிய மரங்களில் காய் குறைவு, ஒவ்வொன்றும் உள்ளங்கையை நிறைத்தது. மாமியார் மாலைக்கு இரண்டிலிருந்தும் பறித்தார். கோத்தபோது பெரியதையும் சிறியதையும் அருகருகே வைத்தார். வெள்ளி தவறாமல் மாலை போயிற்று.

ஆடி முடிகிற வாரத்தில், இன்னும் ஒரு மாதம் இருக்கும்போதே, காலையில் நாத்தனாருக்கு ரத்தம் படத் தொடங்கியது. கணவர் ஷிப்டில் இருந்தார். பிள்ளைகளை பக்கத்துக் குடியிருப்புப் பெண் ஒருத்தியிடம் விட்டுவிட்டு நானும் மாமியாரும் அவளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பூந்தமல்லி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஆட்டோவில் அவள் தலை என் தோளில் இருந்தது. "அண்ணி, இது அதனால இல்ல. சரியா? யாரு கேட்டாலும் சொல்லுங்க" என்று காதில் சொல்லிக்கொண்டே வந்தாள். அந்த வலியிலும் அவளுக்கு அந்தக் கவலை.

உடனே ஆபரேஷன் என்றார்கள். வெளியே ஒரு நீல நாற்காலி வரிசையில் நானும் மாமியாரும் ஒரு நாற்காலி இடைவெளி விட்டு உட்கார்ந்தோம். அவருடைய கண்டாங்கிச் சேலையில் ரத்தக்கறை இருந்தது. அவர் கோயில் பக்கம் திரும்பிக் கும்பிடவில்லை. கையை மடியில் வைத்துத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எந்த நேரமும் 'உன்னாலதான்' என்ற சொல் வரும் என்று காத்திருந்தேன். நான் என்ன பதில் சொல்வேன் என்றுகூட மனசுக்குள் கோத்துவைத்திருந்தேன்.

வெகுநேரம் கழித்து அவர் நடுவிலிருந்த நாற்காலிக்கு நகர்ந்து உட்கார்ந்தார்.

"பொழச்சிடுவாளா?" என்றார். "நீ படிச்சவதான. சொல்லு."

"நான் மரத்துக்குப் படிச்சவ அத்தை."

"இன்னாவோ ஒண்ணு. நல்லாயிடும்னு சொல்லேன்."

"நல்லாயிரும் அத்தை" என்றேன். அவர் என் கையைப் பிடிக்கவெல்லாம் இல்லை. ஆனால் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார்.

பெண் குழந்தை. எடை குறைவு. சில நாள் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். தாய்க்கு ரத்தம் ஏற்றினார்கள். இருவரும் பிழைத்து வீடு வந்தார்கள். பிஞ்சைப் பற்றி யாரும் பேசவில்லை. நான் எதிர்பார்த்த தண்டனை வரவில்லை, மன்னிப்பும் வரவில்லை. வந்தது வேலை. பிறந்த குழந்தை, பத்தியச் சமையல், இரண்டு வால்கள், துணி, துணி, துணி. ஒரு நாள் கணவரிடம், "நான் வேலைக்குப் போகணும்" என்றேன். "இப்பப் போயி இத்த எடுக்குறியே" என்றார். எப்போது எடுக்கலாம் என்று கேட்டேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு ஷிப்டுக்குக் கிளம்பினார். நாத்தனார் ஐப்பசியில் குழந்தையோடு ஆவடிக்குத் திரும்பினாள். போகும்போது என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் அழவில்லை. அவள் வெளியே போகிறாள் என்பதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் மழை அளவாகத்தான் பெய்தது. தை வந்தது, கிள்ளாமல் காய்க்கவிட்ட மரங்கள் பூக்கவில்லை. கிளை நுனிகள் காய்ந்து குச்சியாக நின்றன. இலைகள் கொட்டி உள்ளே கிளைக்கூடு தெரிந்தது. ஒரு மரம் முழுதாகச் செத்துப்போயிற்று. தள்ளியதும் சாய்ந்துகொண்டது, கீழே வேரே இல்லை. கிள்ளிய மூன்று மரங்களும் பச்சையாக இருந்தன, மிதமாகப் பூத்தன.

மாமியார் ஒவ்வொரு மரத்தையும் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு நான் துணி காயப்போடும் இடத்துக்கு வந்து, "இந்த மூணும் செவுத்தாண்ட கீது. ஃப்ளாட்டு ஏசி தண்ணி இங்கதான் எறங்குது" என்றார்.

"இருக்கலாம் அத்தை" என்றேன். வாதத்துக்காகச் சொல்லவில்லை. அந்த மரங்கள் கொஞ்சம் மேட்டிலும் இருந்தன, வெள்ளம் சீக்கிரம் வடிந்திருக்கும். மூன்று மரத்தை வைத்து எதையும் நிரூபித்துவிட்டதாக ஆய்வுக்கூடத்தில் எழுதிக்கொடுத்தால் திருப்பி அனுப்புவார்கள்.

அவர் அங்கேயே நின்றார். "எவ்ளோ எடுக்கணும்னு காட்டு" என்றார்.

பங்குனி வரட்டும், பிஞ்சு கொஞ்சம் தடிக்கட்டும் என்றேன். பங்குனியில் இருவரும் சேர்ந்து கிள்ளினோம். முதல் பிஞ்சைக் கிள்ளும்போது அவர் கண்ணை மூடிக்கொண்டார். அப்புறம் வேகம் வந்துவிட்டது. நான் விட்டுவைக்கச் சொன்னதையும் கிள்ளினார், தடுக்க வேண்டியிருந்தது. ஒரு மரம் முடிந்ததும் கைகளைத் தட்டிக்கொண்டு சொன்னார்: "எனக்கு முட்டி முடியல. இனிமே தோட்டத்த நீயே பாத்துக்கோ."

அது அவர் எனக்குத் தந்த மரியாதை என்று தெரிந்தது. கூடவே இன்னொன்றும் தெரிந்தது. காலைச் சமையல், பிள்ளைகள், துணி, மதியச் சமையல், அவருடைய மூட்டுக்கு எண்ணெய், இப்போது மரங்களும். எனக்குத் தெரிந்த ஒன்றை ஒருவழியாக ஒத்துக்கொண்டார்கள், அதுவும் ஒரு வேலையாகவே என் தலையில் ஏறுகிறது.

"முடியாது அத்தை" என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். அந்த வீட்டில் யாரிடமும் அந்தச் சொல்லை நான் அதுவரை சொன்னதில்லை. எனக்கே என் குரல் அந்நியமாக இருந்தது.

"மரத்தப் பாக்கறேன். ஆனா காலைச் சமையல் என்னால முடியாது. காலைல நான் வேலைக்குப் போகணும்."

"வேலைக்கா? அப்ப யாரு ஆக்குவாங்க?"

"தெரியலை அத்தை."

அவர் உள்ளே போனார். அந்தக் கேள்வி பல வாரம் வீட்டுக்குள் பாத்திரச் சத்தமாக உலவியது. ஆவடியிலிருந்து நாத்தனார் தன் அண்ணனுக்குப் போன் போட்டு, "அண்ணி உன் ஊட்டு மாடாண்ணே?" என்று கத்தியது ஸ்பீக்கர் போடாமலே எனக்குக் கேட்டது. பழைய வேலையில் வேறு ஆள் சேர்ந்துவிட்டிருந்தார். கடைசியில் கரையான்சாவடியில் ஒரு சின்ன ஆய்வுக்கூடத்தில் அரை நாள் வேலை கிடைத்தது. விவசாயிகள் அனுப்பும் இலைகளைக் கழுவி, உலர்த்தி, பொடிக்கும் வேலை. என் படிப்புக்குக் கீழான வேலைதான். பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு ஷேர் ஆட்டோவில் போகிறேன். காலைச் சமையல் மாமியாரும் கணவரும் ஏதோ செய்துகொள்கிறார்கள். சாம்பாரில் உப்பில்லை என்று எனக்கு மத்தியானம் சொல்வார்கள்.

இதை விடுதலை என்று சொல்ல மாட்டேன். மதியம் வந்து இறங்கினால் காலையில் செய்யாததெல்லாம் எனக்காகக் காத்திருக்கிறது. முன்பு பகல் முழுக்கச் செய்ததை இப்போது பாதிப் பகலில் செய்கிறேன். மாமியார் என்னிடம் பழையபடி பேசுகிறார். ஆனால் வேலைக்குப் போகும் நாளில் நான் படி இறங்கும்போது அவர் வாசல் பக்கம் வருவதில்லை. ராத்திரி படுத்தால் உடம்பு பலகையாகக் கிடக்கிறது.

போன வாரம் கோயம்பேட்டுப் பக்கமிருந்து யாரோ ஒரு நார்த்தை மரத்தின் இலைகளை அனுப்பியிருந்தார்கள். ஓரம் மஞ்சள், காம்புப் பக்கம் மட்டும் பச்சை. பையைப் பிரித்ததும் அந்த மரம் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது. இலைகளை உலர்த்தும் அடுப்பில் வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, ஜன்னலோரம் நின்று என் டீயை ஆறுவதற்குள் குடித்தேன்.